முன் பரீக்ஷை

மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 பகுதிகளை 2012 ஜூலை 1-ந் தேதி யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் குழு தன் பட்டியலில் சேர்த்தது. தென்காசிக்காரர் செங்கோட்டை தாண்டி, ஆரியங்காவுக் கணவாய் வழியே சென்றால் எட்டிவிடும் செந்துருணிக் காடு அவற்றுள் ஒன்று. தெற்கே களக்காடு-முண்டந்துறை மற்றொன்று. குற்றாலத்தின் பெயர் அந்த 39-ல் இல்லை.

சேர்ந்த கதை அவ்வளவு சுகமானதன்று. இயற்கைப் பிரதேசங்களைப் பரிசீலித்து யோசனை கூறும் ஐ.யூ.ஸி.என். ஸ்தாபனம், மனு பக்குவப்படவில்லை, ஒத்திவையுங்கள் என்றது. 2011-ல் பாரிஸில் கூடியபோது காரியம் முடியவில்லை. மறு வருஷமும் அதே யோசனைதான். துண்டு துண்டாய்க் கிடக்கும் காடுகளுக்கு எல்லை வகுத்தது எப்படி? அங்கே குடியிருப்போரைக் கலந்துகொண்டீர்களா? மாதவ் காட்கில் குழுவின் 2011-ம் வருஷத்து அறிக்கையைக் கவனித்தீர்களா? நியாயமான கேள்விகள் அல்லவா? போதாக்குறைக்கு, இந்தப் பட்டமே வேண்டாமென்று கர்நாடக சர்க்கார் ஆட்சேபித்தது. ஆயினும் ஸெயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கூடிய குழு, நிபுணர்களின் யோசனையை ஒதுக்கிவிட்டுப் பட்டத்தைச் சூட்டியது. நமக்குச் சந்தோஷந்தான்; ஆனால் பட்டம் வந்த பிறகு கேள்விகளை யார் சிரத்தையோடு கேட்கப் போகிறார்கள்?

இத்தகைய சங்கடங்களைக் கண்டுதான் 2021-ல் அக்குழு ஒரு முன் பரீக்ஷையை ஏற்படுத்தியது. முழு மனுவைத் தயாரிக்கப் பல வருஷங்களும் பெரும் பொருளும் செலவிடுமுன், ஒரு சுருக்கமான விண்ணப்பத்தை அனுப்பினால், இடத்துக்கு அந்தத் தகுதி இருக்கக்கூடுமா என்று நிபுணர்கள் எழுதித் தருவார்கள். முதல் விண்ணப்பங்களுக்கு 2023 செப்டம்பர் 15 கெடு. தொடக்கத்தில் விருப்பம்போல், பிறகு கட்டாயம்.

எங்கள் பள்ளிக்கூடங்களில் முன்னாளில் எஸ்.எஸ்.எல்.ஸி.க்கு 'ஸெலக்ஷன்' பரீக்ஷை உண்டு. அதில் தவறிய பையனைச் சர்க்கார் பரீக்ஷைக்கே அனுப்பமாட்டார்கள், வீட்டில் அழுகை. யுனெஸ்கோவின் ஏற்பாடு இவ்வளவு கடுமையானதன்று. பதில் பாதகமாயிருந்தாலும் ஒரு தேசம் மனுச் செய்யலாம். குறை இன்னதென்று முதலிலேயே தெரிந்துவிடும், அவ்வளவே. அந்நியர் நம் மலைக்கு மார்க்குப் போடுவதா என்று முகம் சுளிக்கும் தேசாபிமானிகளுக்கு ஒன்று சொல்வேன்: சபை நடுவே கேட்பதைவிடத் தனியே கேட்பது கௌரவந்தானே!

எனக்குப் பிடிக்காதது ஒன்றுண்டு. இந்தச் சோதனை முழுவதும் காகிதத்தின்மேல் நடப்பது. யாரும் நேரில் வந்து பார்ப்பதில்லை. ஆகவே எழுதுகிறவர் விட்டது விட்டதுதான். சிற்றாறு குற்றாலத்தில் அருவியாய் விழுந்து, தென்காசி வழியே ஓடித் தாமிரபர்ணியில் கலக்கிறது. அதன் தலைமாட்டுக் காட்டையும் சேர்க்கவேண்டுமென்று என்றேனும் விண்ணப்பம் எழுதுவதானால், டில்லியில் பேனாவைத் தொடுமுன் இலஞ்சியிலும் மேலகரத்திலும் உள்ள விவசாயிகளைப் போய்க் கேட்கட்டும்.