பேண்ட் ஏழும் பெரிய சொற்களும்

ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுக்குப் படிப்பவர்களின் செல்பேசியில் அநேகமாக ஒரு பிடிஎஃப் இருக்கும். ‘பேண்ட் 8 வாங்கித் தரும் சொற்கள்’ என்பதுபோல் ஏதாவது தலைப்பு; பேண்ட் என்பது அந்தத் தேர்வின் மதிப்பெண் படி. உள்ளே ஆயிரக்கணக்கில் சொற்கள். சின்னச் சொற்களைத் தள்ளிவிட்டுப் பெரிய சொற்களாகப் போட்டு எழுது, மதிப்பெண் தானாக ஏறும் என்று பயிற்சி வகுப்புகளிலும் யூடியூபிலும் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். நர்ஸிங் முடித்து, பிரிட்டன் போவதற்காக நகையை அடகு வைத்துத் தேர்வுக் கட்டணம் கட்டும் பெண்கள் இதை நம்பி இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து மனப்பாடம் செய்கிறார்கள். அவர்களுடைய நேரம் இப்படிப் போவது எனக்குப் பொறுக்கவில்லை.

பெரிய சொல்லுக்குப் பெரிய மதிப்பெண் என்பதையே முதலில் எடுத்துக்கொள்வோம். திருத்தும் அளவுகோல் ரகசியம் அல்ல. தேர்வை நடத்துபவர்களே வெளியிட்டிருக்கிறார்கள். எழுத்துத் தேர்வில் கேள்விக்குப் பதில் சொன்ன விதம், கருத்துகளின் கோர்வை, சொல்வளம், இலக்கணம் ஆகிய நான்குக்கும் சம எடை. சொல்லுக்குக் கிடைப்பது கால் பங்குதான். பேண்ட் 7 வாங்க, அதிகம் புழங்காத சொற்களும் வேண்டும் என்று அதில் இருப்பது உண்மை. பட்டியல் விற்பவர்கள் அந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தச் சொல் நடைக்குப் பொருந்துகிறதா, பக்கத்துச் சொல்லோடு சேருகிறதா என்ற நிபந்தனையும் அங்கேயே இருக்கிறது. அபூர்வச் சொற்களைத் துணிந்து போட்டு இடம் தவறினால், அது பேண்ட் 6-க்குச் சொல்லப்பட்ட அடையாளம்.

சொல்லோடு சொல் சேருவது நமக்குப் புதிய விஷயமே இல்லை. குயில் கூவும், மயில் அகவும், யானை பிளிறும் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். ‘மயில் கூவியது’ என்று எழுதினால் எழுத்துப் பிழை கிடையாது, பொருளும் புரியும். ஆனாலும் தமிழாசிரியர் மரபுப் பிழை என்று வட்டம் போடுவார். ஆங்கிலத்தில் ‘ரிசர்ச்’ என்ற சொல்லுக்கும் அப்படி ஒரு மரபு உண்டு. அதை ‘டூ’ செய்யலாம், ‘கண்டக்ட்’ செய்யலாம், ‘கேரி அவுட்’ செய்யலாம். ‘மேக்’ செய்ய முடியாது. ‘கன்க்ளூஷன்’ என்றால் அதை ‘ரீச்’ செய்யலாம், ‘டிரா’ செய்யலாம். பிடிஎஃப் பட்டியலில் ரிசர்ச் என்றால் ஆராய்ச்சி என்று மட்டுமே இருக்கும். வாக்கியம் எழுத உட்காரும்போது அது கை கொடுக்காது.

அடுத்தது, ‘அகாடமிக் வொகாபுலரி’ என்றாலே கேள்விப்படாத சொற்கள் என்ற எண்ணம். நியூசிலாந்து ஆய்வாளர் ஏவெரில் காக்ஸ்ஹெட் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட பட்டியல்தான் இந்தத் துறையில் மிகவும் பேசப்படுவது. கலை, வணிகம், சட்டம், அறிவியல் ஆகிய பாடங்களின் எழுத்துகளிலிருந்து சுமார் 35 லட்சம் சொற்களைத் திரட்டி, எல்லாத் துறைகளுக்கும் பொதுவாக வருபவற்றைப் பொறுக்கினார். கிடைத்தவை 570 சொற்குடும்பங்கள், அதாவது ஒரே வேரிலிருந்து கிளைத்த சொற்களின் தொகுதிகள். முதல் வரிசையில் இருப்பவை எவை? டேட்டா, ஃபேக்டர், மெதட், பாலிசி, இன்கம், ரோல். நம் ஊர்ச் செய்தித்தாளில் தினம் புழங்கும் சொற்கள். வகுப்புகளில் கொண்டாடப்படும் ‘ப்ளெதோரா’வும் ‘மிரியாட்’டும் அந்த 570-இல் கிடையாது.

இன்னொரு கணக்கும் அதிலேயே இருக்கிறது. மைக்கேல் வெஸ்ட் 1953-இல் தொகுத்த அடிப்படைச் சொற்குடும்பங்கள் ஏறத்தாழ 2,000. காக்ஸ்ஹெட் திரட்டிய எழுத்துகளில் சுமார் 76 சதவீதம் அவைதான்; அதற்கு மேல் 570 குடும்பங்கள் சேர்ப்பது 10 சதவீதம். அடிப்படைச் சொற்களில் தடுமாறுகிறவரிடம் அபூர்வச் சொல் பட்டியலைக் கொடுப்பது எனக்கு அநியாயமாகவே படுகிறது.

ஒரு சொல்லை இரண்டு முறை எழுதவே கூடாது என்பது மூன்றாவது போதனை. இதுதான் அதிகம் கெடுக்கிறது. ஆரம்பப் பள்ளியிலேயே குழந்தைகளுக்கு அயல்மொழி கற்பிக்கலாமா என்ற கேள்விக்கு ஒரு மாணவி எழுதிய கட்டுரையைப் பார்த்தேன். முதல் பத்தியில் ‘சில்ட்ரன்’. இரண்டாவதில் ‘இன்ஃபன்ட்ஸ்’, அதாவது கைக்குழந்தைகள். மூன்றாவதில் ‘மைனர்ஸ்’, காவல் நிலைய ஆவணங்களில் வரும் சொல். கடைசியில் ‘ஆஃப்ஸ்ப்ரிங்’. அவருடைய வாதம் நல்ல வாதம். ஆனால் தொட்டில் குழந்தை பிரெஞ்சு படிப்பதாகத்தான் அந்தத் தாளில் இருந்தது. நான்கு இடத்திலும் ‘சில்ட்ரன்’ என்றே விட்டிருந்தால் ஒரு குறையும் வந்திருக்காது.

தமிழ்வழியில் படித்தவர்களிடம் சொல்லப்படுவது வேறு: தமிழில் யோசிக்காதே, தமிழில் அர்த்தம் எழுதிவைக்காதே. சொற்கற்றலை ஆயுள் முழுக்க ஆராய்ந்த பால் நேஷன், காக்ஸ்ஹெட் பணியாற்றும் அதே வெலிங்டன் பல்கலைக்கழகத்துக்காரர், தாய்மொழிப் பொருளோடு சொல் அட்டை எழுதிப் படிப்பதைப் பயனுள்ள வழி என்றே சொல்கிறார். அது முதல் அறிமுகம். அதன்பிறகு அந்தச் சொல்லைப் படிக்கும் பக்கங்களில் பலமுறை சந்திக்க வேண்டும், காதாலும் கேட்க வேண்டும், எழுத்துக்கூட்டலையும் பழக வேண்டும். கேட்கும் தேர்வில் பதில் தெரிந்தும் எழுத்துக்கூட்டல் தவறினால் மதிப்பெண் போய்விடும் என்பதைப் பலர் தேர்வு முடிந்த பிறகே அறிகிறார்கள்.

பட்டியலை மூடிவிட்டு, பழைய வாசிப்புத் தேர்வு ஒன்றை எடுங்கள். அதில் கண்ட பத்துச் சொற்களை முன்னும் பின்னும் வந்த சொற்களோடு சேர்த்து நோட்டில் எழுதுங்கள். ‘சிக்னிஃபிகன்ட்’ எழுதினால் ‘சிக்னிஃபிகன்ட்லி’, ‘சிக்னிஃபிகன்ஸ்’ இரண்டும் கூடவே வரட்டும். அந்த வாரம் எழுதும் கட்டுரையில் அவற்றில் இரண்டு மூன்றைப் பயன்படுத்திப் பார்த்து, விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டித் திருத்தம் வாங்குங்கள். பயிற்சி மையத்தில் பணம் கட்டும் முன்பும் எத்தனை சொற்கள் கொடுப்பீர்கள் என்று கேட்க வேண்டாம். வாரத்துக்கு என் கட்டுரைகள் எத்தனையைத் திருத்தித் தருவீர்கள், திருத்துபவர் யார் என்று கேளுங்கள்.