உழைக்க வந்த கரங்களை ஒதுக்கலாமா?

(இளங்கலைப் பொருளியல், மூன்றாம் ஆண்டு மாணவன்)

விடியற்காலையில் கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் செல்லும் பேருந்தில் ஏறிப் பாருங்கள். நிற்கவும் இடமிராது. சீருடை அணிந்த தொழிலாளர்கள் ஒருபுறம். பெயிண்ட் வாளியும் பிரஷ்ஷுமாக நிற்கும் இளைஞர்கள் மறுபுறம். அந்த இளைஞர்களில் ஒருவன் என்னோடு பள்ளியில் படித்தவன். கணக்கில் என்னைவிட வல்லவன். பட்டமும் பெற்றான். ஆயினும் இன்று சுவருக்கு வண்ணம் பூசுகிறான். காரணம், அவன் இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்தவன். ஒரு தொழிற்சாலையில் நேர்முகத் தேர்வு வரை சென்றான், குடியுரிமைச் சான்று கேட்டார்கள், திரும்பிவிட்டான்.

1983 ஜூலைக் கலவரத்திற்குப் பின் கடல் கடந்து வந்தவர்களும் அவர்தம் பிள்ளைகளுமாக, தமிழக முகாம்களில் சுமார் 58,000 பேரும் வெளியில் சுமார் 34,000 பேரும் வாழ்வதாக 2021-இல் அரசு கூறியது. அவ்வாண்டே முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றப்பட்டது. வீடுகள் கட்டவும் நிதி ஒதுக்கப்பட்டது. பாராட்ட வேண்டிய செயல்தான். ஆனால் முறையான வேலையின்றி மறுவாழ்வு ஏது?

"உள்ளூர்ப் பிள்ளைகளுக்கே வேலை இல்லையே!" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் வேலை என்பது பானையிலுள்ள சோறன்று, ஒருவர் உண்டால் மற்றவருக்குக் குறைவதற்கு. சம்பளம் வாங்குகிறவன் நம் சந்தையில்தான் அரிசி வாங்குகிறான்; நம் ஊர்த் தையற்காரரிடந்தான் சட்டை தைக்கிறான். ஒருவன் செலவு மற்றவன் வருமானம் என்பது நாம் வகுப்பில் படித்த பாடமே.

இன்னொன்றையும் எண்ண வேண்டும். உரிமையற்றவன் குறைந்த கூலிக்கும் தலையாட்டுவான். அவனைக் காட்டியே ஒப்பந்தக்காரர் நம் கூலியையும் குறைப்பார். அவனுக்கும் சட்டப்படி ஊதியமும் சேமநல நிதியும் கிடைத்தால் நமக்கும் அதுவே பாதுகாப்பு. மேலும், அவனைப் படிக்க வைத்தது நம் மக்களின் வரிப்பணம். படித்தவனைப் பயன்படுத்தாமல் விடுவது, விதைத்துவிட்டு அறுக்காமல் விடுவதற்கு ஒப்பாகும்.

இதற்குச் சான்று தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. 1964-இல் சிறீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் ஏற்பட்டது. அதன்படி தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளர்களுக்காகவே நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் உருவாயின. அவர்கள் உழைப்பால் காடு தோட்டமாயிற்று. அண்டை மாநிலத்தைப் பாருங்கள்: 1960-களின் தொடக்கத்தில் மைசூர் அரசு பைலகுப்பேயில் திபெத்தியர்க்கு நிலம் தந்தது. காடு திருத்தி மக்காச்சோளம் விளைவித்தார்கள். 1972-இல் இடி அமீன் உகாண்டாவிலிருந்து விரட்டிய இந்திய வம்சாவளியினரில் பலர் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் குடியேறினர். வெறுங்கையோடு வந்தவர்கள் அந்நகர வாணிபத்தையே வளர்த்தனர்.

நம் ஓசூரே வந்தவர்களால் வளர்ந்த ஊரல்லவா? 1970-களில் சிப்காட் வந்தது. அதன்பின் லாரியும் மொபெட்டும் கைக்கடிகாரமும் இங்கே உருவாயின. தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசும் கைகள் சேர்ந்தே அவற்றைச் செய்தன. இன்று வடமாநிலத்தவரும் வருகிறார்கள். அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி அன்றாடம் ஆயிரமாயிரம் பேர் போய் வருகிறார்கள். அவர்களை யாரும் பாரம் என்று சொல்வதில்லை.

2025-இல் மத்திய அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குக் கடவுச்சீட்டு, விசா இல்லாமை குறித்த தண்டனையிலிருந்து அது விலக்களித்தது. தண்டனை இல்லை என்பது முதற்படி. உழைக்கும் உரிமை என்பதே அடுத்த படியாக வேண்டும். முடிவில் குடியுரிமையும் வேண்டும்.

வந்தாரை வாழவைக்கும் நாடு என்று மேடைதோறும் பெருமை பேசுகிறோம். வாழவைப்பது என்றால் சோறு போடுவது மட்டுமா? உழைத்து உண்ண விடுவதன்றோ! என் நண்பன் நம்மிடம் இரக்கம் கேட்கவில்லை. ஒரு வேலைக்கான விண்ணப்பப் படிவத்தைத்தான் கேட்கிறான்.