படத்திலிருந்து அகன்ற கதிரை

சென்ற மாதம் நம் மருமகன் ஒரு புகைப்படத்துடன் வந்து சேர்ந்தான். அவனுடைய அம்மம்மாவின், அதாவது நம் தாயாரின், எண்பதாவது பிறந்தநாளன்று விறாந்தையில் எடுத்த படம் அது. கறுப்பும் வெள்ளையுமாய்ச் சதுர ஓடுகள் பதித்த தரை, அதன்மேல் குடும்பத்தார், பின்னே, யாரோ எடுத்துவைக்க மறந்த சிவப்புப் பிளாஸ்டிக் கதிரை.

"மாமா, கதிரையை எடுத்திட்டன், தரைதான் கோணிப்போச்சுது" என்றான்.

பார்த்தோம். 'போட்டோஷொப்' என்னும் மென்பொருளிலுள்ள 'குளோன் ஸ்டாம்ப்' கருவியைக் கொண்டு, முன்புறத்து ஓடுகளைப் பிரதிசெய்து கதிரையின்மேல் அப்பியிருந்தான். அருகிலுள்ள ஓடு பெரிதாகவும் தொலைவிலுள்ளது சிறிதாகவும் தோன்றுவது இயற்கை. அக்கருவியோ இதனை அறியாது. எடுத்ததை எடுத்த அளவிலேயே வைக்கும். தூரத்து மூலையில் அருகிலுள்ள ஓடு வந்து அமர்ந்தால் தரை கோணாமல் என்ன செய்யும்?

இணையாய்ச் செல்லும் கோடுகள் தொலைவில் ஒரு புள்ளியை நோக்கிக் குவிவதாகத் தோன்றும் என்பதனை 15ஆம் நூற்றாண்டிலேயே இத்தாலியர் கணக்கிட்டு ஓவியந் தீட்டினர். 1435இல் அல்பேர்ட்டி அதற்கு நூலே எழுதினார். அக்கணக்கைத்தான் 2005இல் வெளிவந்த போட்டோஷொப் பதிப்பு 'வனிஷிங் பொயின்ற்' என்ற பெயரில் ஏற்றுக்கொண்டது. பணங்கொடுத்து வாங்க இயலாத மாணவர்கள் வருந்த வேண்டுவதில்லை. இலவசமாய்க் கிடைக்கும் 'கிம்ப்' மென்பொருளிலும் இத்தகைய கருவி உண்டு.

முதலில் வெற்று அடுக்கு ஒன்றைத் திறந்துகொள்ள வேண்டும், மூலப்படம் பழுதுறாது. பின்னர், தரையில் நீள்சதுரமென நாம் அறிந்த ஒரு பகுதியின் நான்கு மூலைகளிலும் புள்ளி வைத்தோம். வலைக்கோடுகள் நீலமாயின் கணக்குச் சரி. மஞ்சளோ சிவப்போ ஆயின் மூலைகளை நகர்த்த வேண்டும். இரு முறை சிவந்தது. மூன்றாம் முறை நீலமாயிற்று. பின் ஆல்ட் விசையை அழுத்தியவாறு, ஓடுகள் கூடும் ஒரு சந்தியைத் தொட்டு, அதே விதமான இன்னொரு சந்தியிலிருந்து பூசினோம். தொலைவு செல்லச் செல்ல ஓடு தானே சிறுத்தது!

அருகிலிருந்து எடுத்துத் தொலைவில் வைப்பதே நன்று. மாறிச் செய்தால் சிறியது பெரிதாகி மங்கிவிடும். கதிரையின் நிழலையும் மறவாது அகற்ற வேண்டும். ஒரே கறை இரண்டிடத்தில் தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். 2008 ஜூலையில் வெளியான ஈரானிய ஏவுகணைப் படத்தில் மூன்று ஏவுகணைகள் நான்காக்கப்பட்டிருந்தன. புகையும் தூசியும் அச்சொட்டாய் மீண்டும் வந்தமையே குட்டை உடைத்தது.

கதிரை அகன்றதும் மருமகனுக்கு ஆசை வளர்ந்தது. கனடாவிலுள்ள தமையனையும் அம்மம்மாவின் அருகே நிறுத்தலாமே என்றான். நாமும் வழிசொன்னோம். சமதரையில் நிற்போரைக் கமராவின் உயரத்திலுள்ள கிடைக்கோடு ஏறக்குறைய ஒரே இடத்தில் வெட்டும். பிறருக்கு நெஞ்சளவாயின், ஒத்த உயரமுள்ள அவனுக்கும் நெஞ்சளவே. அவ்வளவில் வைத்தான், நிழலும் இட்டான். நாமே வியந்தோம்.

சட்டமிட்டுத் தாயாரிடம் கொடுத்தோம். கண்ணாடியைத் துடைத்து நெடுநேரம் பார்த்தார்.

"இவன் எப்ப வந்தவன்? என்னோட கதைக்காமலே போட்டானோ?"

நினைவு தப்பாதவர் அவர். அன்று தம் நினைவையே ஐயுற்றார். உண்மையைச் சொல்லித் தேற்ற மாலையாகிவிட்டது. மறுநாள் வேறொரு பிரதி எடுத்துச் சட்டத்தில் மாற்றினோம். அதில் கதிரையும் இல்லை, பேரனும் இல்லை. பேரனின் தனிப்படம் அதன் பக்கத்தில் தொங்குகிறது.