குட்டி எல்லாருக்கும், அள்ளுறது மட்டும் அம்மாவுக்கா?

நாய்க்குட்டி வேணும்னு கேட்கும்போது வீட்டுல எத்தனை குரல்! மகன் கேட்கிறான், மகள் கேட்கிறாள், அவரு "வாங்குனா ராஜபாளையம் குட்டிதான் வாங்கணும்"ங்கிறாரு. அந்தக் குட்டி நடுவீட்டுல ஒன்னுக்குப் போனதும் எல்லாரும் கூப்பிடுறது ஒரே ஆளைத்தான். "அம்மா, இங்க வாங்க!"

அம்மா வரணும். அள்ளணும், துடைக்கணும். பிரஸ்ல காலண்டர் பைண்டிங் முடிச்சு, நாள் முழுக்க நின்ன கால் வலியோட வந்தாலும் அம்மாதான் வரணும். ஏன்? குட்டி கேட்டது நானா? எங்க நாரணாபுரத்துல குட்டி வளர்க்கிற எந்த வீட்டுக்குப் போனாலும் அங்க ஒரு பொம்பளை இதையேதான் கேட்டுக்கிட்டு நிக்கிறா.

2005 ஜனவரியில தபால் துறை நாலு நாட்டு நாய்களுக்கு ஸ்டாம்ப் போட்டுச்சு. அதுல ராஜபாளையமும் ஒண்ணு. நம்ம ஜில்லா நாய், எனக்கும் பெருமைதான். ஆனா அந்தப் பெருமையை வாங்கிட்டு வர்ற அவசரம் இருக்கே! கண்ணு தெறந்து தத்தித் தத்தி நடக்கிற குட்டியைத் தாய்கிட்ட இருந்து பிரிச்சு, அட்டைப்பெட்டியில வச்சுக் கொடுத்துடுறாங்க. எட்டு வாரம் ஆகாத குட்டியை விக்கக் கூடாதுன்னு 2017லயே மத்திய அரசு விதி போட்டாச்சு. யாரு கேட்கிறா?

எட்டு வாரம்னா சும்மா இல்லைங்க. பிறந்த புதுசுல குட்டிக்குத் தானா ஒன்னுக்குக் கூட வராது, தாய் நக்கி விட்டாத்தான் வரும். கழிவையும் தாயே நக்கிச் சுத்தம் பண்ணிடும். மூணு வாரம் போல ஆனதும் குட்டி படுக்கிற இடத்தை விட்டுத் தள்ளிப் போய் இருக்கப் பழகும். அந்தப் பழக்கம் ஊறுறதுக்குள்ள தூக்கிட்டு வந்து, ரெண்டடி சங்கிலியில கட்டிப் போட்டா அது எங்க போகும்? படுத்த இடத்துலயே போகும், அதுலயே புரளும். சில குட்டி அதையே தின்னும். பார்த்ததும் "சீ, என்ன ஜென்மம்!"னு உதைக்கிறாங்க. தாய் செஞ்சதைப் பார்த்த குட்டி அது. பசியா இருக்கலாம், வயித்துல பூச்சி இருக்கலாம். மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகாம உதைச்சா பூச்சி போயிடுமா?

ரெண்டு மாசக் குட்டியால ரெண்டு மணி நேரம் அடக்க முடிஞ்சாலே பெரிசு. நம்ம ஊர்ல காலையில பட்டாசு ஆலைக்கும் பிரஸ்ஸுக்கும் போனா, வீட்டைத் திறக்கச் சாயங்காலம் ஆகும். அதுவரைக்கும் அது எப்படி அடக்கும்? திறந்ததும் மூக்கைப் பிடிச்சு மூத்திரத்துல தேய்க்கிறாங்க. எப்பவோ போனதுக்கு இப்ப அடிச்சா அதுக்கு என்ன புரியும்? ஆளைக் கண்டாப் பயப்படணும்னு மட்டும்தான் புரியும். அந்தப் பயத்துலயே இன்னொரு தடவை போகும். போதாததுக்கு, சாம்பிள் வெடின்னு எங்கயாவது ஒண்ணு படார்னு வெடிச்சா, கட்டிலுக்கு அடியில நடுங்கிக்கிட்டே விட்டுடுது.

தரையில விரிக்கப் பேப்பருக்கு மட்டும் பஞ்சமே இல்லை. பிரஸ் வேஸ்ட்டை மூட்டையா கொண்டாந்து விரிக்கிறோம். குட்டியும் நல்லாப் பழகிக்குது. பேப்பர்னா போற இடம்னு அதுக்குப் பதிஞ்சு போச்சு. அப்புறம் கவர் ஒட்ட வாங்கி வச்ச கட்டு மேலயும் போகுது, பிள்ளையோட ஹோம்வொர்க் நோட்டு மேலயும் போகுது. அதுக்கும் அடி. பேப்பரைக் கொஞ்சம் கொஞ்சமா வாசப்பக்கம் நகர்த்தி, அப்புறம் மண்ணுக்குக் கொண்டு போகணும். தூங்கி எழுந்ததும், தின்னதும், விளையாடி முடிச்சதும் வெளிய தூக்கிட்டுப் போய், போனதும் தட்டிக் கொடுக்கணும். பினாயில் ஊத்தினா நமக்குத்தான் வாடை போகும், அதுக்குப் போகாது. மோப்பம் பிடிச்சு அதே இடத்துக்கு வரும். சோப்புத் தண்ணி போட்டு அலசிட்டு, வினிகர் கலந்து துடைச்சாத்தான் விடும். சின்ன வேலைங்கதான், ஆனா நாள் பூரா. இதுல ஒரு வேளையாவது மத்தவங்க பார்த்தா என்ன?

இதுக்கெல்லாம் சோம்பல்பட்டவங்க கண்டுபிடிச்ச வழி, தெரு. விடியிறதுக்கு முன்னாடி குட்டியை அவிழ்த்து விட்டுடுவாங்க. அது எதிர்வீட்டு வாசல்ல, முடுக்குல, வாறுகால் ஓரத்துல போயிட்டு வரும். அவங்க வீடு சுத்தம்! நான் வாசல் தெளிக்க வந்தா முதல்ல முறத்தோட குனிய வேண்டியிருக்கு. எதிர்வீட்டுக்காரர்கிட்ட சொன்னா, "நாய்னா அப்படித்தாம்மா இருக்கும்"ங்கிறாரு. நாய் அப்படித்தான் இருக்கும் அண்ணாச்சி, நீங்க ஏன் அப்படி இருக்கணும்?

அந்த மண்ணுலதான் நம்ம பிள்ளைக வெறுங்காலோட விளையாடுது. கொக்கிப்புழு காலுத் தோல் வழியாவே ஏறும். பார்வோங்கிற தொத்து நோய் வந்த குட்டி ஒண்ணு போன இடத்துல அந்தக் கிருமி மாசக்கணக்குல கிடக்கும், ஊசி போடாத அடுத்த குட்டி மோந்தாலே போதும்.

கடைசியில "இது பழகாத ஜாதி"ன்னு சாக்குல கட்டிப் பைபாஸ் ஓரத்துல விட்டுட்டு வந்துடுறாங்க. எனக்கு நெஞ்சு கொதிக்கிறது இதுக்குத்தான். 2025 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் டெல்லி தெருநாய்களைப் பத்தி உத்தரவு போட்டப்போ, நம்ம ஊர் டீக்கடையிலயும் அதே பேச்சு. "எல்லாத்தையும் பிடிச்சுட்டுப் போகணும்"னு சத்தமாப் பேசினவங்கள்ல, குட்டியைக் கொண்டு போய் விட்டவங்களும் இருந்தாங்க.

தீபாவளி போனஸ் வந்ததும் உங்க வீட்டுலயும் குட்டிப் பேச்சு வரும். வந்தா, அம்மாக்களே, சரின்னு சொல்றதுக்கு முன்னாடி முறத்தையும் விளக்குமாத்தையும் கேட்டவங்க கையில கொடுங்க. அதைக் கையில வாங்கினா குட்டியும் வாங்கட்டும். வாங்கலைன்னா அந்தக் குட்டி இன்னும் கொஞ்ச நாள் தாய்கிட்ட இருக்கட்டும்.