பறவைக் கையெழுத்து

பெரம்பூரில் நான் பாடம் நடத்திய கல்லூரி ஒன்றில் ஆண்டு மலர்க் குழு கூடியிருந்தது. மூன்றாமாண்டு மாணவி ஒருத்தியின் கேலிச்சித்திரம் மேசைக்கு வந்தது. தேர்வறையில் கண்காணிப்பாளர் வாய் பிளந்து தூங்குகிறார். ஈ உள்ளே போய்விடாமல் ஒரு பெண் தன் விடைத்தாளால் விசிறிக்கொண்டிருக்கிறாள். எல்லோரும் சிரித்தோம். பிறகு ஒருவர், "பொம்பளப் பிள்ளைக்கு இவ்வளவு நக்கல் எதுக்கு? கோலம் ஏதாவது போட்டுத் தரச் சொல்லுங்க" என்றார். கோலம் அச்சானது. நானும் அந்த மேசையில்தான் இருந்தேன், வாய் திறக்கவில்லை.

ஃப்ளானரி ஓ'கானரின் கல்லூரிக்காலச் சித்திரங்களைப் பார்த்தபோது அந்த மேசைதான் நினைவுக்கு வந்தது. 1942 முதல் 1945 வரை அவர் ஜார்ஜியா மாநில மகளிர் கல்லூரியில் படித்தார். (வெள்ளைப் பெண்களை மட்டும் சேர்த்துக்கொண்ட கல்லூரி அது. நிறவெறி விஷயத்தில் ஓ'கானருக்கே கறை உண்டு. அவரைக் கும்பிட நான் வரவில்லை.) லினோலியத்தில் செதுக்கி, மை தடவி, கல்லூரிப் பத்திரிகைக்குப் படம் கொடுத்தார். எழுத்துகளை இடவலம் மாற்றிச் செதுக்க வேண்டும்; கத்தி பிசகினால் திருத்த முடியாது. போர்க்காலத்தில் வளாகத்துக்குப் பயிற்சிக்கு வந்த கடற்படைப் பெண்களையும் விடவில்லை, தோழிகளையும் விடவில்லை. தன் பெயரின் முதலெழுத்துகளைக் கோத்து ஒரு பறவையாக்கிக் கையெழுத்திட்டார். ஒரு படத்தில் எல்லோரும் ஜோடி சேர்ந்து ஆடுகிறார்கள். கண்ணாடி போட்ட ஒருத்தி மட்டும் ஓரமாக உட்கார்ந்து, இருக்கவே இருக்கிறது முனைவர் பட்டம் என்று தேற்றிக்கொள்கிறாள். அந்தப் பட்டத்தை வாங்கி வைத்திருக்கும் எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

இவை தனி நூலாக வந்தது 2012இல், அவர் இறந்து 48 ஆண்டுகள் கழித்து. உடனே, பின்னாளில் எழுதப்போகும் கதைகளின் வித்து இங்கே இருக்கிறது என்று தேடத் தொடங்கிவிட்டார்கள். ஏன் வித்து? பதினெட்டு வயதில் அவர் கேலிச்சித்திரக்காரர். 'நியூயார்க்கர்' இதழுக்குப் படங்கள் அனுப்பினார், அவை திரும்பி வந்தன. ஐயோவா பல்கலைக்கழகத்துக்கு இதழியல் படிக்கத்தான் போனார். வரைவது பார்க்கக் கற்றுத்தரும் என்று பின்னாளில் அவரே எழுத்தாளர்களுக்குச் சொன்னது உண்மை. அதற்காகப் படத்தைக் கதைக்கு வேலைக்காரியாக்க வேண்டுமா? நாவலாசிரியர் ஆகாமல் போயிருந்தால் அந்தத் தாள்களை யார் சீண்டியிருப்பார்கள்?

நம் பக்கத்துக்கு வருவோம். மாலி, கோபுலு, சில்பி, மணியம், ஜெயராஜ், மாருதி என்று தமிழ் வார இதழ்களின் ஓவியர்களைச் சொல்லிக்கொண்டே போகலாம்; அத்தனை பேரும் ஆண்கள். அவர்களின் தூரிகையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பெண் எழுதிய கதையில் வரும் பெண்ணுக்கும் கண், இடை, முந்தானை எல்லாம் ஆணின் கையாலேயே வந்தன. விடிவதற்கு முன்பே இந்தத் தெருக்களில் புள்ளி பிசகாமல் கோடிழுத்த கைகளுக்கு ஒரு பத்திரிகை மேசை கிடைக்கவில்லை. கோலம் போடலாம், அதை யாரும் மிதித்துவிட்டுப் போகலாம். கண்காணிப்பாளரை வரைந்தால்தான் ஆபத்து.

அடுத்த கூட்டத்தில் அந்தச் சித்திரத்தைத் திரும்பப் பார்த்தேன். அதன் பின்புறத்தில் யாரோ டீ, வடைக் கணக்கு எழுதியிருந்தார்கள்.