மாலை ஒரு மணி நேரம்

நம் நாட்டிற்குக் கோடை என்றொரு தனிப் பருவம் இல்லை; வெயிலும் மழையும் ஆண்டு முழுவதும் மாறி மாறி வருவனவே. ஆயினும் பள்ளி விடுமுறை வந்ததும் காப்பார் வட்டாரத் தோட்டப் பிள்ளைகள் பலர் கைப்பேசியுடன் வீட்டிற்குள் அடங்கிவிடுகின்றனர். “வெளியே வெயில்” என்பர் பெற்றோர். நண்பகலில் அஃது உண்மையே. ஆனால் 1982 சனவரி முதல் நாள் தீபகற்பத்தின் கடிகாரம் அரைமணி முன்னே வைக்கப்பட்டதால், மாலை 7 மணி வரை நமக்கு வெளிச்சம் உண்டு, 5.30க்கு மேல் வெயிலும் தணியும். 5 முதல் 17 வயதினர் நாள்தோறும் சராசரி 60 நிமிடமேனும் உடலை நன்கு இயக்க வேண்டுமென்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. அதற்கு இவ்வேளையே போதும்.

செலவும் இல்லை. கிளித்தட்டுக்குக் கோடு கிழிக்க ஒரு குச்சி போதும். இதையொத்த ஆட்டத்தை மலாய் நண்பர்கள் காலா பாஞ்சாங் என்பர். கம்பத்துப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். சடுகுடுவுக்குக் குச்சியும் வேண்டா. கிட்டிப்புள் ஆடும்போது சிறுவர் எதிரே நிற்றல் கூடாது, கண் போய்விடும். பந்து செம்பனை மரங்களுக்குள் ஓடினால் பெரியவரை அழையுங்கள். எலியைத் தேடி நாகம் வருமிடம் அது. இடி முழங்கினால் உடனே கூரைக்குள் செல்லுங்கள்.

நாம் காணும் பெருங்குறை வேறு. திடலில் ஆடுவோர் பெரும்பாலும் ஆண் பிள்ளைகளே. அந்நேரம் பெண் பிள்ளைகள் பாத்திரம் கழுவுகின்றனர். தம்பியை இடுப்பில் சுமக்கின்றனர். 1966இல் பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்ற எம். இராஜாமணி நம் தமிழ்ப்பெண் அல்லரோ? பெற்றோர்களே, மகளையும் திடலுக்கு அனுப்புங்கள். பாத்திரங்களை 7 மணிக்குப் பின் அண்ணனும் தங்கையும் சேர்ந்தே கழுவட்டும்.