தேர்வில் எழுதும் விடை நிரலில் இல்லை

2019 ஜூலை 2 அன்று உலகின் பல நாடுகளில் ஏராளமான இணையதளங்கள் ஒரே நேரத்தில் முடங்கின. அவற்றுக்கு முன்னால் காவலாக நிற்கும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் சர்வர்களில் சிபியு 100 சதவீதத்தைத் தொட்டிருந்தது. மோசமான கட்டத்தில் அதன் வழியே செல்லும் போக்குவரத்து 82 சதவீதம் வரை சரிந்தது. யாரோ தாக்குகிறார்கள் என்றுதான் முதலில் சந்தேகம் எழுந்தது. காரணம் உள்ளேயே இருந்தது: ஃபயர்வாலில் அன்று சேர்த்த புதிய விதி ஒன்றில் இருந்த ரெகுலர் எக்ஸ்பிரஷன். நிலைமை சீராக 27 நிமிடம் பிடித்தது.

ரெகுலர் எக்ஸ்பிரஷன், நிரலாளர்கள் பேச்சில் ரெஜெக்ஸ், எழுத்துகளின் அமைப்பைச் சொல்லும் சிறு குறிமொழி. வாகனப் பதிவெண் சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமா? இரண்டு எழுத்து, இரண்டு இலக்கம், ஓரிரு எழுத்து, நான்கு இலக்கம் என்பதை ஒரே வரியில் குறித்துவிடலாம். இணையப் படிவத்தில் ‘செல்பேசி எண் தவறு’ என்று சிவப்பாக வரும் எச்சரிக்கைக்குப் பின்னால் பெரும்பாலும் இப்படி ஒரு வரி இருக்கும்.

சி மொழியில் இதைத் தொடங்குவது எளிது. யூனிக்ஸ் வழி வந்த கணினிகளில் லைப்ரரி ஏற்கெனவே இருக்கிறது. ரெக்காம்ப் என்ற அழைப்பு குறிமொழியைக் கம்பைல் செய்து தரும்; ரெக்எக்ஸெக் அதை வைத்துத் தேடும்; ரெக்ஃப்ரீ நினைவகத்தை விடுவிக்கும். புதியவர்கள் சறுக்கும் இடங்களும் இங்கேயே தெரியும். கோப்பின் ஒவ்வொரு வரிக்கும் லூப்புக்குள் மறுபடி மறுபடி கம்பைல் செய்வது ஒன்று. கம்பைல் தோற்றதா என்று திரும்பி வரும் மதிப்பைப் பார்க்காமல் அடுத்த வரிக்குப் போவது இன்னொன்று. சி++ மொழியின் 2011 தர வரையறையில் ரெஜெக்ஸ் இடம்பெற்றும், ஜிசிசி கம்பைலரில் அது ஒழுங்காக வேலை செய்தது 2014இல் வந்த 4.9 பதிப்பில்தான். அதற்கு முன் நிரல் தடையின்றிக் கம்பைல் ஆகும், ஓடும்போது காலை வாரிவிடும்.

இவையெல்லாம் ஒரு வாரத்தில் பழகிவிடக்கூடியவை. லைப்ரரிக்குள் இருக்கும் எஞ்சின் எந்த வகை என்ற கேள்விதான் முக்கியம். அதைத்தான் பலர் கேட்பதே இல்லை.

வகை இரண்டு. கிளைச் சந்துகள் நிறைந்த ஊரில் ஒரு வீட்டைத் தேடும் ஆள் ஒரு சந்தில் கடைசிவரை போய், இல்லையென்றால் திரும்பி வந்து அடுத்த சந்தில் நுழைவதுபோலத் தேடுவது முதல் வகை. எல்லாச் சந்துகளிலும் ஒரே நேரத்தில் ஆள் அனுப்பிவிடுவது இரண்டாவது. இந்த இரண்டாவது வழியை கென் தாம்சன் 1968இலேயே ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார். ரெஜெக்ஸை ஐபிஎம் 7094 கணினியின் இயந்திர மொழிக்கே கம்பைல் செய்யும் முறை அது. யூனிக்ஸை உருவாக்கியவர்களில் ஒருவரும் அவர்தான். ஆனால் பின்னாளில் பரவியவை பெரும்பாலும் முதல் வகை. ஹென்றி ஸ்பென்சர் 1980களில் எழுதி இலவசமாகத் தந்த லைப்ரரியும், கேம்பிரிட்ஜில் பிலிப் ஹேசல் 1997இல் தொடங்கிய பிசிஆர்இயும் பின்வாங்கித் தேடுபவை. வசதிகள் அதிகம் என்பதால் அவற்றுக்கு வரவேற்பு கிடைத்தது. முன்னே பொருந்திய சொல் பின்னே மறுபடி வருகிறதா என்று பார்ப்பது அப்படியொரு வசதி. கிளவுட்ஃப்ளேரின் ஃபயர்வாலில் இருந்ததும் பிசிஆர்இதான்.

இந்த வகை எப்போது கழுத்தை நெரிக்கும்? 2016 ஜூலை 20 அன்று நிரலாளர்களின் கேள்வி பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 34 நிமிடம் முடங்கியது. வரியின் முன்னும் பின்னும் உள்ள வெற்றிடங்களை நீக்கும் சாதாரண ரெஜெக்ஸ்தான் காரணம். ஒரு பதிவின் நடுவே ஏறத்தாழ 20,000 வெற்றிடங்கள் தொடர்ந்து வந்தன. அவற்றுக்குப் பின் வேறோர் எழுத்து. எஞ்சின் முதல் வெற்றிடத்தில் தொடங்கிக் கடைசிவரை போனது, வரி முடியவில்லை என்று கண்டு இரண்டாவதிலிருந்து மறுபடி தொடங்கியது, பிறகு மூன்றாவதிலிருந்து. கூட்டிப் பார்த்தால் சுமார் 20 கோடி சரிபார்ப்புகள். அந்தப் பதிவு முகப்புப் பக்கத்தில் இருந்ததால் ஒவ்வொரு வருகைக்கும் இதே வேலை நடந்தது.

விபத்துக்குப் பின் கிளவுட்ஃப்ளேர் அறிவித்த திருத்தங்களில் ஒன்று, நேரத்துக்கு உத்தரவாதம் தரும் எஞ்சினுக்கு, அதாவது இரண்டாவது வகைக்கு, மாறுவது. கூகுளில் ரஸ் காக்ஸ் எழுதி 2010இல் வெளியான ஆர்இ2 அப்படிப்பட்டது. ரஸ்ட் மொழியின் ரெஜெக்ஸ் லைப்ரரியும் அப்படியே. பின்வாங்கும் எஞ்சின் தரும் சில வசதிகள் இவற்றில் கிடையா. அந்த இழப்பு ஏற்கத்தக்கதே. முகம் தெரியாத ஆட்கள் அனுப்பும் எழுத்துகளைப் படிக்கும் எந்த நிரலுக்கும் இவைதான் முதல் தேர்வாக இருக்க வேண்டும்.

நம் பொறியியல் கல்லூரிகள் கவனிக்க வேண்டிய இடம் இது. தியரி ஆஃப் கம்ப்யூட்டேஷன், கம்பைலர் டிசைன் பாடங்களில் மாணவர்கள் தாம்சன் முறைப்படி வட்டமும் அம்பும் வரைந்து மதிப்பெண் வாங்குகிறார்கள். லேபுக்கு வந்ததும் கைக்குக் கிடைத்த லைப்ரரியை இணைத்துவிடுகிறார்கள். தாளில் வரைந்த வட்டங்கள்தான் அந்த 27 நிமிடத்துக்கான மருந்து என்று அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. இது மாணவர்களின் குறை அல்ல. பாடத்தையும் பயிற்சியையும் தனித்தனியே வைத்தவர்களின் குறை.

சரிசெய்ய ஒரு லேப் வகுப்பு போதும். ‘எக்ஸ்’ எழுத்து ஒன்றோ பலவோ சேர்ந்த தொகுதி, அந்தத் தொகுதியும் ஒன்றோ பலவோ முறை, இறுதியில் ஓர் ‘ஒய்’. இந்த ரெஜெக்ஸுக்கு 30 ‘எக்ஸ்’களை மட்டும், ‘ஒய்’ இல்லாமல் கொடுக்கச் சொல்லலாம். அவற்றைத் தொகுதிகளாகப் பிரிக்கும் வழிகள் 53 கோடிக்கு மேல். ஓர் எழுத்து கூடினால் இரு மடங்கு. ஜிசிசியோடு வரும் சி++ ரெஜெக்ஸில் ஒருமுறை, ஆர்இ2வில் ஒருமுறை ஓடவிட்டால், ஒன்று திணறுவதையும் மற்றொன்று உடனே ‘இல்லை’ என்பதையும் மாணவர் கண்ணாலேயே பார்ப்பார்.

அதே வகுப்பில் தமிழையும் சோதிக்க வேண்டும். யூனிகோடில் ‘கொ’ என்பது ககரமும் ஒகரக் குறியுமாக இரண்டு குறியெண்; யூடிஎஃப்-8 கோப்பில் ஆறு பைட். ஏதேனும் ஓர் எழுத்து என்பதைக் குறிக்கும் புள்ளி, சி++இன் சாதாரண சரத்தில் ஒரு பைட்டைத்தான் எடுக்கும். ஆர்இ2வில் அது ககரத்தை எடுத்து ஒகரக் குறியை விட்டுவிடும். பிசிஆர்இயில் முழு ‘கொ’வையும் சேர்த்து எடுக்கத் தனிக் குறியே உண்டு. ‘சொல்லில் வரும் எழுத்து’ என்ற குறுக்குக் குறி ஆர்இ2வில் ஆங்கில எழுத்து, இலக்கம், அடிக்கோடு ஆகியவற்றோடு நின்றுவிடுகிறது. யூனிகோடின் பொது ‘எழுத்து’ வகையிலும் உயிர்க்குறிகளும் மெய்யின் புள்ளியும் சேராது. பெயர் கேட்கும் படிவத்தில் கோமதியும் முத்துவும் ஏற்கப்பட வேண்டுமானால், ‘தமிழ்’ என்ற எழுத்துமுறை வகையையே நிரலில் கேட்டு வாங்க வேண்டும். ஆர்இ2விலும் அந்த வகை இருக்கிறது.